பெரிய முழு எண்ணை அலச பாரி/ஜிபி: எங்கே பலம், எங்கே சறுக்கல்

பாரி/ஜிபி எண் கணக்குகளுக்கான இலவச மென்பொருள், கட்டளை வரியில் இயங்குவது. 1000000016000000063 என்ற 19 இலக்க எண்ணைக் கொடுத்து ஃபேக்டர் கட்டளையை ஓட்டினால், கண்மூடித் திறப்பதற்குள் 1000000007, 1000000009 என இரு பகா எண்கள் வந்து நிற்கும். விடை அணியாக வரும். இடப்பக்கம் பகாக் காரணி, வலப்பக்கம் அதன் அடுக்கு. வகுத்திகள் 4, அவற்றின் கூட்டுத்தொகை 1000000018000000080, ஆய்லர் ஃபை மதிப்பு (அந்த எண்ணோடு 1 தவிரப் பொதுக் காரணி இல்லாத சிறிய எண்களின் எண்ணிக்கை) 1000000014000000048. ஒவ்வொன்றுக்கும் ஒரே வரிதான்.

இதே எண்ணை எக்செல் கட்டத்தில் எண்ணாக இட்டால் 15 இலக்கத்துக்கு மேல் நிற்காது, கடைசி 63 பூஜ்ஜியமாகிவிடும். அதன்பின் காரணி தேடுவது வெட்டி வேலை.

பகா எண் சோதனைக்கு இரண்டு கட்டளைகள். ஐஸ்பிரைம் நிரூபித்தே சொல்லும். ஐஸ்சூடோபிரைம் அதைவிட வேகம்; 2^64க்குக் கீழே தவறவே தவறாது, அதற்கு மேலும் இதுவரை யாரும் பிழை கண்டதில்லை. அவசரத்துக்கு இதுவே போதும்.

சறுக்கல்? 10^18 என்று அடுக்காகவே தட்டச்சு செய்யுங்கள். 1e18 என அறிவியல் குறியீட்டில் எழுதினால் மெய்யெண்ணாக எடுத்துக்கொண்டு, வகை பொருந்தவில்லை என மறுத்துவிடும். இரண்டு 50 இலக்கப் பகா எண்களின் பெருக்கலைக் கொடுத்தால் ‘பகா எண் அல்ல’ என்று நொடியில் சொல்லும். காரணி கேட்டால் மட்டும் நெடுநேரம் காக்க வைக்கும். குறை மென்பொருளுடையது அல்ல, கணக்கே அப்படி. நினைவக அடுக்கு நிரம்பியது என்று பிழை வந்தால் பாரிசைஸ்மேக்ஸ் என்ற நினைவக உச்சவரம்பைக் கூட்டுங்கள்.