ஆடியில் போவதா, மார்கழியில் போவதா?

ஷார்ஜாவில் பிள்ளைகளைப் படிக்க வைக்கும் எங்களுக்கு ஊருக்குப் போக வருஷத்தில் இரண்டு வாய்ப்புதான். ஜூலை, ஆகஸ்ட் கோடை லீவு ஒன்று. டிசம்பரில் தொடங்கி ஜனவரி முதல் வாரத்தோடு முடியும் குளிர்கால லீவு இன்னொன்று. தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்கு முழுப் பரீட்சை முடிந்து மே மாத லீவு விடும்போது, இங்கே இந்தியப் பாடத்திட்டப் பள்ளிகளில் புது வகுப்பு தொடங்கி ஒரு மாதம்தான் ஆகியிருக்கும். மே மாதம் மாமா வீட்டுக்குப் போய்க் கிடந்து கறுத்துப்போய்த் திரும்பும் சுகம் என் பிள்ளைகளுக்கு வாய்க்கவில்லை. அதை விட்டுவிட்டு மீதியைப் பேசுவோம்.

பதினொரு வருஷத்தில் ஆறு முறை ஆடியில் போயிருக்கிறோம், மூன்று முறை மார்கழியில். கணவர் வீடு லால்குடிப் பக்கம், என் அம்மா வீடு தென்காசி. எது நல்லது என்று ஒவ்வொரு வருஷமும் ஏப்ரலில் எங்கள் வீட்டில் ஒரு வழக்கு நடக்கும். தீர்ப்பு ஒருமுறைகூட ஒரே மாதிரி வந்ததில்லை.

வெயிலைப் பொறுத்தவரை ஆடிக்குத்தான் அவசரம் அதிகம். ஜூலையில் ஷார்ஜாவில் 40 டிகிரிக்குக் கீழே இறங்கும் பகலைப் பார்ப்பது அரிது. வெளியில் வேலை செய்கிறவர்களை மதியம் 12.30 முதல் 3 மணி வரை வேலை வாங்கக் கூடாது என்று ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை சட்டமே இருக்கிறது. பிள்ளைகள் பிளாட்டுக்குள்ளேயே இரண்டு மாதம் ஏசியில் அடைந்து கிடக்க வேண்டும். ஊரில் அந்நேரம் அக்னி நட்சத்திரம் முடிந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருக்கும். திருச்சிப் பக்கம் வெயில் ஒன்றும் குறைந்துவிடாது, ஆனால் அம்மியைப் பறக்கவிடும் ஆடிக்காற்று இருக்கும். தென்காசிக்கு இறங்கினால் குற்றாலச் சாரல். டிசம்பரில் நிலைமை தலைகீழ். வளைகுடாவில் வருஷத்திலேயே நல்ல காலம் அதுதான், பூங்காவும் கடற்கரையும் நிரம்பி வழியும். அந்த மூன்று வாரத்தை விட்டுவிட்டுப் போவதில் பிள்ளைகளுக்குக் கொஞ்சம் மனத்தாங்கல் உண்டு.

டிக்கெட் விஷயம் பலரும் நினைக்கிற மாதிரி இல்லை. டிசம்பர்தான் விலை என்பார்கள். இரண்டு காலமும் விலைதான், ஆனால் ஆடியில் தப்பிக்க வழி இருக்கிறது. பள்ளி மூடிய முதல் வாரம் வளைகுடாவே காலியாகி ஊருக்குப் பறக்கும், ஆகஸ்ட் கடைசி வாரம் எல்லாரும் ஒன்றாகத் திரும்புவார்கள். இந்த இரண்டு முனையையும் விட்டு, ஜூலை இரண்டாம் வாரம் கிளம்பி ஆகஸ்ட் நடுவில் திரும்பினால் பை அவ்வளவாகக் கிழியாது. மூன்று வார டிசம்பர் லீவில் அப்படி ஒதுங்க இடம் ஏது? எப்படி மடக்கினாலும் இரண்டு முனையும் விலை உச்சத்தில்தான் போய் முட்டும்.

பயணம் பெரிய பாடில்லை. ஷார்ஜாவிலிருந்து திருச்சிக்கு நேர் விமானம், நான்கு மணி நேரம். கடிகாரத்தை ஒன்றரை மணி நேரம் முன்னால் தள்ளினால் போதும். அமெரிக்காவில் இருக்கும் என் நாத்தனார் பிள்ளைகள் முதல் வாரம் முழுக்க ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து உட்கார்ந்து பசிக்கிறது என்பார்களாம். அந்தச் சிரமம் எங்களுக்கு இல்லை. 2024 ஜூனில் புது முனையம் திறந்தபிறகு திருச்சியில் இறங்குவதும் நன்றாக இருக்கிறது. பெட்டிக்குக் காத்திருக்கும்போது சுவர் ஓவியங்களைப் பார்த்துக்கொண்டே நிற்கலாம்.

எங்கள் வழக்கில் உண்மையான சண்டை இதில் எதிலும் இல்லை. போய் இறங்கியபிறகு அங்கே யாருக்கு நேரம் இருக்கிறது என்பதில்தான்.

ஜூலையில் நாம் லீவில் இருக்கிறோம், ஊர் லீவில் இல்லை. தமிழ்நாட்டுப் பள்ளிகள் ஜூனில் திறந்து, காலாண்டுத் தேர்வை நோக்கி ஓடிக்கொண்டிருக்கும். கொழுந்தன் மகள் காலை எட்டு மணிக்கு வேனில் ஏறினால் நாலரைக்குத்தான் இறங்குவாள். போன ஆடியில் என் மகள் நான்கு மணிக்கே திண்ணையில் போய் உட்கார்ந்துகொள்வாள். வேன் ஹாரன் தெருமுனையில் கேட்டதும் செருப்புப் போடாமல் ஓடுவாள். அக்கா வருவாள், பையை இறக்குவாள், நின்றுகொண்டே ஒரு டம்ளர் காப்பியும் இரண்டு பிஸ்கட்டும். ஐந்து மணிக்கு டியூஷன். ஏழரைக்கு வந்து சாப்பிட்டு, வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டே தூங்கிவிடுவாள். அறுபது நாள் லீவில் என் மகளுக்குக் கிடைத்தது அந்த அரை மணி நேரமும் ஞாயிற்றுக்கிழமைகளும்தான். மூன்றாவது வாரம் பொறுக்க முடியாமல் அவளும் ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு அக்காவோடு டியூஷனுக்கே போய்விட்டாள். கடைசிப் பாயில் உட்கார்ந்து, எட்டாம் வகுப்புச் சமூக அறிவியல் கேள்வி பதிலை எழுத்துக் கூட்டிக் கூட்டித் தமிழில் காப்பியடித்துக்கொண்டு வந்தாள். டீச்சர் அதற்கு ‘குட்’ போட்டு நட்சத்திரமும் போட்டிருந்தார். அந்த நோட்டு இன்னும் அவள் அலமாரியில் இருக்கிறது.

டிசம்பரில் இந்தக் கதை நடக்காது. அரையாண்டுத் தேர்வு 23ஆம் தேதி வாக்கில் முடியும், ஜனவரி முதல் நாள் தாண்டும்வரை எல்லாப் பிள்ளைகளுக்கும் லீவு. சென்னையிலிருந்து ஒரு சித்தப்பா, ஓசூரிலிருந்து ஒரு பெரியப்பா என்று வீடு நிரம்பும். ஒன்பது பிள்ளைகள் ஒரே ஹாலில் வரிசையாகப் படுத்து, போர்வைக்கு இழுபறி நடந்து, கடைசியில் ஒருவரும் தூங்காமல் விடியும். அத்தை மகன், மாமன் மகள் எல்லாம் போட்டோவிலிருந்து இறங்கி ஆட்களாகிறதற்கு அந்த எட்டுப் பத்து நாள் போதும். ஆடியில் ஆறு முறை போய் ஒட்டாத ஒட்டு, ஒரு மார்கழியில் ஒட்டிக்கொண்டது. இதை நான் மறுக்க மாட்டேன்.

ஆனால் ஒன்பது பிள்ளைகள் ஒன்று கூடினால், அப்பாவைப் பெற்ற அப்பாயி பக்கம் ஒருவரும் போவதில்லை. போன முறை மார்கழியில் நான் கவனித்துக்கொண்டே இருந்தேன். மாமியார் பின்கட்டில் உட்கார்ந்திருப்பார். பிள்ளைகள் கும்பலாக அவரைத் தாண்டி ஓடும், திரும்பக் கும்பலாக வரும். யாராவது ஒன்று ‘அப்பாயி தண்ணி’ என்று கேட்டால் உண்டு. சமையலுக்கும் பந்திக்குமே அவர் பொழுது சரியாகிவிட்டது. அத்தனை பேருக்கு இட்லி ஊற்றும் வீட்டில் யார் யாரிடம் உட்கார்ந்து பேசுவது? கிளம்பும் நாள் என்னிடம், “பிள்ளைவோ வந்துட்டுப் போனதே தெரியலம்மா” என்றார். குறையாகச் சொல்லவில்லை. எனக்குத்தான் குறையாகப் பட்டது.

ஆடியில் அதே பின்கட்டில் நடப்பது வேறு. அக்கா பள்ளிக்கூடம் போய்விட்டாள், கொழுந்தனும் ஓரகத்தியும் வேலைக்குப் போய்விட்டார்கள். பதினொரு மணிக்கு வீட்டில் மிச்சம் இருப்பது அப்பாயியும் போக்கிடம் இல்லாத என் பிள்ளைகளும்தான். ஒரு முறத்தில் முருங்கைக்கீரை. உருவ உருவ அப்பாயி ஏதோ சொல்லிக்கொண்டே இருப்பார்: லால்குடிப் பக்கத்து அய்யன் வாய்க்காலில் நீச்சல் பழகினது, எருமையைத் தொலைத்துவிட்டு இருட்டும்வரை வீட்டுக்கு வராமல் இருந்தது. முதல் வாரம் மகன் காம்பையும் சேர்த்தே போட்டான். இரண்டாம் வாரம் அப்பாயியைவிட வேகமாக உருவினான். மூன்றாம் வாரம் போனில் அவன் அப்பாவிடம் “என்னாங்கப்பா, எப்ப வாரீங்க?” என்று இழுத்தபோது இவர் அந்தப் பக்கம் ஒரு நொடி பேசவில்லை. ஷார்ஜாவில் சனிக்கிழமை தோறும் தமிழ் வகுப்புக்குக் காசு கட்டுகிறோம். அதில் இது வராது.

ஆடிக்கு இன்னொரு விலையும் இருக்கிறது. இவருக்கு வருஷத்துக்கு முப்பது நாள் லீவு, அதையும் ஜூலையில் அலுவலகம் முழுக்கக் கேட்கும். அதனால் நானும் பிள்ளைகளும் முன்னால் போவோம், இவர் கடைசியில் இரண்டு வாரம் வந்து சேர்வார். அதுவரை பிளாட்டில் தனிக்கட்டை, குப்பூஸ் ரொட்டியும் தயிரும். டிசம்பரில் நான்கு பேரும் ஒன்றாகவே ஏறி ஒன்றாகவே இறங்கலாம்.

அடுத்து, எந்த வீட்டில் எத்தனை நாள். பெண்களுக்குத் தெரியும், இதுதான் பெரிய கணக்கு. ஆடியில் நாற்பது ஐம்பது நாள் கையில் இருக்கும்போது தென்காசிக்குப் பதினைந்து நாள் ஒதுக்கினாலும் லால்குடியில் யார் முகமும் மாறாது. இருபது நாள் மார்கழியில் நான் ஏழு நாள் கேட்டாலே, “நீ போயிட்டு வா தாயி” என்கிற அந்தத் தாராளத்திலேயே ஒரு கனம் இருக்கும். அம்மாவோ அந்தப் பக்கம், “வந்தவ பொட்டியத் தொறக்கு முன்ன கெளம்புதியேட்டி” என்பாள். இருவருமே நல்லவர்கள். நாள்தான் போதவில்லை.

தென்காசிக்கு ஆடிதான் பொருத்தம் என்பதற்கு அருவியும் ஒரு காரணம். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை சீசன். ஐந்தருவியில் குளித்துவிட்டு ஈரத் தலையோடு நின்று ரம்புட்டான் தின்றால் அதற்கு மேல் பிள்ளைகளுக்கு ஒன்றும் வேண்டாம். டிசம்பரிலும் தண்ணீர் விழும். ஆனால் சபரிமலைக்குப் போகிற, வருகிற சாமிமார் கூட்டம் குற்றாலத்தை நிறைத்திருக்கும். மழை பிடித்துவிட்டால் அருவியில் குளிக்கத் தடை. 2023 டிசம்பரில் நாங்கள் லால்குடியில் இருந்தோம். 17, 18 தேதிகளில் தெற்கே பெய்த மழையில் காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். தூத்துக்குடியும் திருநெல்வேலியும் தண்ணீரில் நின்றன. அம்மா போனில் “இப்பம் வராதிய” என்றாள். இருபது நாளில் ஐந்து நாள் அப்படிப் போயிற்று. ஐம்பது நாளில் ஐந்து போனால் வலிக்காது. குறுகிய லீவை மழைக்காலத்தின் வாலில் கொண்டுபோய் வைக்கிறோம் என்பதை டிக்கெட் போடும்போது யாரும் நினைப்பதில்லை.

ரயில் டிக்கெட்டும் அப்படித்தான். 2024 நவம்பரிலிருந்து முன்பதிவு 60 நாளைக்கு முன்னால்தான் திறக்கிறது. அரையாண்டு லீவு, கிறிஸ்துமஸ், சபரிமலை மூன்றும் மோதும் வாரத்துக்கு, திருச்சியிலிருந்து தென்காசிக்குப் பொதிகையில் நான்கு பெர்த் ஒன்றாகக் கிடைத்தால் குலதெய்வத்துக்குத் தேங்காய் உடைக்கலாம். ஜூலையில் வார நாளாகப் பார்த்தால் சுலபம்.

கல்யாணம் காட்சிக்கு இரண்டுமே உதவாது என்பது ஊரறிந்த விஷயம். ஆடியிலும் முகூர்த்தம் இல்லை, மார்கழியிலும் இல்லை. ஆனாலும் நுணுக்கமாகப் பார்த்தால் ஆடிக்கு விளிம்பு உண்டு. ஜூலை முதல் நாளே இறங்கினால் ஆனி முகூர்த்தம் பத்துப் பதினைந்து நாள் மிச்சம் இருக்கும். ஆகஸ்ட் 17 வாக்கில் ஆவணி பிறந்துவிடும். முழு லீவும் இருந்தால் இரண்டு பக்கமும் ஒரு கல்யாணம் சிக்கலாம். மார்கழிக்கோ, தை பிறக்கும் முன்னே இங்கே பள்ளி திறந்துவிடும். பொங்கலுக்குப் பத்து நாள் முன்னால் பெட்டி கட்டுகிற கொடுமை இருக்கிறதே, வாசலில் கரும்புக்கட்டு வந்து இறங்கும் நேரத்தில் நாம் ஏர்போர்ட்டுக்குக் கார் சொல்லிக்கொண்டிருப்போம்.

மார்கழியின் அழகை நான் குறைத்துப் பேசவில்லை. விடிகாலைப் பனி, வாசல் அடைக்கும் கோலம், அதன் நடுவில் சாணி உருண்டையில் பூசணிப்பூ, சீரங்கத்தில் பகல் பத்தும் இராப்பத்தும். சம்பா வயல் கதிர் வாங்கி நிற்கும். அதற்கு ஈடாக ஆடியில் ஒரே ஒரு நாளைச் சொல்வேன், பதினெட்டாம் பெருக்கு. மேட்டூர் திறந்து காவிரியில் தண்ணீர் ஓடும் வருஷமாக இருந்தால், பிள்ளைகள் சப்பரம் இழுத்துக்கொண்டு தெருவே ஆற்றுக்குப் போகும். என் மகளின் சப்பரத்துக்குச் சக்கரம் மூன்றுதான். நான்காவதை வழியிலேயே விட்டுவிட்டாள். கடைசிவரை அதைத் தூக்கிக்கொண்டேதான் போனாள்.

ஒரு மூன்றாவது யோசனையும் உண்டு. நாம் போவானேன், அவர்களை இங்கே கூப்பிட்டால் என்ன? 30 அல்லது 60 நாள் விசிட் விசா எடுத்து, டிசம்பர் குளிரில் அத்தையை, என் மாமியாரைத்தான், கூட்டி வந்தோம். கட்டடங்களைப் பார்த்தார், கடலைப் பார்த்தார், நான்காம் நாள் முதல் பால்கனியில் நின்று கீழே கார் எண்ணினார். பேச அக்கம்பக்கம் இல்லை, உருவ முருங்கைக்கீரை இல்லை. இருபதாம் நாளே “மாடு என்ன ஆச்சோ” என்று ஆரம்பித்துவிட்டார். அந்த மாட்டை விற்று இரண்டு வருஷம் ஆகியிருந்தது.

ஆக, யாரைப் பார்க்கப் போகிறோம் என்பதை முதலில் கேட்டுக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும். அண்ணன் தம்பி பிள்ளைகள் ஒட்ட வேண்டும் என்றால் மார்கழிதான், ஆடியில் போய் அதை எதிர்பார்ப்பது வீண். பெரியவர்களுக்காக என்றால் ஆடி, அதுவும் மற்றவர்கள் எல்லாம் வேலைக்குப் போய்விடுகிற நாட்களாக. பிள்ளைகளுக்கு ‘போர்’ அடிக்கும் என்று பயப்பட வேண்டாம். போர் அடித்தால்தான் அப்பாயியிடம் போய் உட்காருவார்கள்.

இந்த வருஷம் அத்தைக்கு முழங்கால் வலி கூடியிருக்கிறது, படி ஏறுவதில்லை. கொழுந்தன், “டிசம்பர்ல வாங்கண்ணி, எல்லாரும் இருப்போம்” என்றார். அதில் தப்பில்லை. ஆனாலும் ஜூலை 12க்கு டிக்கெட் போட்டாயிற்று. மகளிடம் சொன்னதும் அவள் கேட்ட முதல் கேள்வி: “டியூஷனுக்கு நானும் போலாமா?”