போஸ்ட்ஃபிக்ஸின் மறுமுயற்சி வரிசை: நீண்டகாலப் பயன்பாட்டில் கண்டவை

மடல் தாமதமாகிறது என்ற புகார் வந்தால், பல ஆண்டுகளாகப் போஸ்ட்ஃபிக்ஸ் என்ற மின்னஞ்சல் மென்பொருள் இயங்கும் சர்வர்களைப் பராமரித்துவரும் நான் முதலில் திறப்பது லாக் கோப்பைத்தான். ஒவ்வொரு மடலின் வரியிலும் ‘டிலேஸ்’ என்ற சொல்லை அடுத்து, சாய்கோடுகளால் பிரிக்கப்பட்ட நான்கு எண்கள் இருக்கும். மடல் வந்ததிலிருந்து கடைசியாகச் செயல் வரிசைக்குள் (அனுப்பத் தயாராக எடுக்கப்பட்ட மடல்களின் வரிசை) நுழையும்வரை சென்ற நேரம், அந்த வரிசையில் காத்திருந்த நேரம், டிஎன்எஸ் தேடலும் (டொமைன் பெயருக்கான முகவரியைக் கண்டறிதல்) டிஎல்எஸ் குறியாக்கமும் உட்பட இணைப்பை ஏற்படுத்த ஆன நேரம், மடலை அனுப்பி முடிக்க ஆன நேரம் என்பன அவற்றின் பொருள். முதல் எண் பெரிதாக இருப்பதைக் கண்டு, மடலை உள்வாங்குவதிலேயே சுணக்கம் என்று பலர் முடிவுகட்டிவிடுகிறார்கள். ஆனால், உடனே அனுப்ப முடியாமல் மறுமுயற்சிக்காக ஒத்திவைப்பு வரிசையில் கிடந்த நேரமும் அதற்குள்தான் அடங்குகிறது. மூன்றாவது எண் 30 விநாடியை ஒட்டி நின்றால், பெரும்பாலும் ஏதோ ஒரு முகவரிக்கான இணைப்பு முயற்சி பதிலின்றிக் காலாவதியாகியிருக்கும். ஐபிவி6 (புதிய வகை இணைய முகவரி) பாதை அரைகுறையாக அமைந்த சர்வர்களில் இதை அடிக்கடி பார்க்கலாம்.

எதிர்ப்பக்க சர்வர் 4 என்று தொடங்கும் குறியீட்டுடன் தற்காலிகமாக மறுத்தால், மடல் ஒத்திவைப்பு வரிசைக்குப் போகிறது. இயல்பு அமைப்பில் முதல் காத்திருப்பு 300 விநாடி. தோல்வி தொடரத் தொடர இடைவெளி நீண்டு 4,000 விநாடியில் நிற்கும். ஒத்திவைப்பு வரிசையைப் பார்வையிடுவதும் 300 விநாடிக்கு ஒருமுறைதான் என்பதால், கிரேலிஸ்டிங் செய்யும், அதாவது அறிமுகமில்லாத இடத்திலிருந்து வரும் மடலை முதலில் தற்காலிகமாக மறுக்கும் சர்வருக்குச் செல்லும் முதல் மடல் ஐந்து முதல் பத்து நிமிடம் தாமதமாவது கோளாறாகாது. (ஒருமுறை மட்டுமே செல்லும் கடவுச்சொல்லுக்காகக் காத்திருப்பவரிடம் இதை விளக்குவது வேறு கதை.) மின்னஞ்சல் பரிமாற்ற நெறிமுறையான எஸ்எம்டிபியின் தரநிலை ஆவணம் ஆர்எஃப்சி 5321, மறுமுயற்சிகளுக்கிடையே பொதுவாகக் குறைந்தது 30 நிமிட இடைவெளியைப் பரிந்துரைப்பதால், போஸ்ட்ஃபிக்ஸைச் சோம்பேறி என்று சொல்ல முடியாது.

வரிசை வீங்கும்போது ‘க்யூஷேப்’ கருவியே எனக்கு அதிகம் கைகொடுத்திருக்கிறது. டொமைன்வாரியாகவும் வயதுவாரியாகவும் அது தரும் அட்டவணையில் ஒரே டொமைன் குவிந்திருந்தால் பெரும்பாலும் தடை அந்தப் பக்கத்தில் இருக்கும். எல்லா டொமைன்களும் ஒருசேர ஏறினால் நம் டிஎன்எஸ்ஸையோ வலையமைப்பையோ சந்தேகிக்க வேண்டும். இந்த நிலையில் வரிசை முழுவதையும் உடனே அனுப்பச் சொல்லும் கட்டளையை நான் தவிர்த்துவிடுவேன். பதிலளிக்காத சர்வருக்கான மடல்கள் அனைத்தும் செயல் வரிசைக்குள் பாய்ந்து, நலமாகச் சென்றுகொண்டிருந்த மடல்களையும் அவை மறித்துக்கொள்ளும். ஒரு மடல் மட்டும் அவசரமென்றால், அதன் வரிசை எண்ணைக் கொடுத்து அதை மட்டும் முயலச் செய்வதற்கு ‘போஸ்ட்க்யூ’ கட்டளை இடமளிக்கிறது.

இயல்பு அமைப்புகளில் எனக்கு உடன்பாடில்லாதது ஒன்றே: தாமத எச்சரிக்கை அணைக்கப்பட்டிருக்கிறது. மடலின் ஆயுள் ஐந்து நாள். அதுவரை அனுப்பியவருக்கு ஒரு தகவலும் போகாது. விடுமுறையில் செயலிழந்த சர்வருக்கும் வாய்ப்புத் தர வேண்டும் என்பதால் ஐந்து நாளை நான் குறைப்பதில்லை. எச்சரிக்கையை மட்டும் நான்கு மணி நேரத்துக்கு அமைத்துவிடுகிறேன்.