“தண்ணி கொறஞ்சிருச்சு” என்று அவசரப்படுத்தினால், கையெழுத்துக்கு முன் அளவைக் கேளுங்கள்

தலைப்பிரசவத்துக்காகப் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்து வந்திருக்கும் தாராபுரம், காங்கேயம், திருப்பூர்ப் பக்கத்துக் குடும்பங்கள் படிக்க வேண்டும் என்று இதை எழுதுகிறேன். எங்கள் பகுதியிலுள்ள ஒரு தனியார் மருத்துவமனையில் என் மகளுக்குச் செய்யப்பட்ட சிசேரியன் தேவையற்றது என்று, அந்த மருத்துவமனையே எழுதி வைத்திருந்த தாள்களைப் படித்த பிறகு உறுதியாக நம்புகிறேன். மாவட்ட மருத்துவப் பணிகள் இணை இயக்குநர் அலுவலகத்தில் புகார் விசாரணையில் இருப்பதால் மருத்துவமனையின் பெயரை இங்கே குறிப்பிடவில்லை.

மகளுக்கு 38 வாரம் முடிந்திருந்தது. சர்க்கரை இல்லை, ரத்த அழுத்தம் இல்லை, குழந்தையின் தலை கீழே திரும்பியிருந்தது. இரவில் விட்டுவிட்டு வலி வந்ததால் அழைத்துச் சென்றோம். கருப்பை வாய் இரண்டு சென்டிமீட்டர் திறந்திருப்பதாகச் சொல்லிச் சேர்த்துக்கொண்டார்கள். காலையில் ஸ்கேன் எடுத்ததும் மருத்துவர் வராந்தாவில் நின்றபடியே, “தண்ணி கொறஞ்சுட்டே வருதுங்க, வலியும் முன்னேறல. இதுக்கு மேல காத்திருந்தா குழந்தைக்கு நான் பொறுப்பில்லீங்க” என்றார். சம்பந்தியம்மாள் அங்கேயே அழத் தொடங்கிவிட்டார். “என்ன மாமா பண்றதுங்க?” என்று மாப்பிள்ளை என் முகத்தைப் பார்த்தார். எவ்வளவு குறைந்திருக்கிறது என்று நான் கேட்டதற்கு, “அதெல்லாம் சொன்னா உங்களுக்குப் புரியாதுங்க, தியேட்டர் ரெடியாகுது” என்ற பதில்தான் கிடைத்தது. நீட்டப்பட்ட ஒப்புதல் படிவத்தில் ‘அறுவைக்கான காரணம்’ என்ற கட்டம் காலியாக இருந்தது. அந்த நிலையிலேயே மாப்பிள்ளையிடம் கையெழுத்து வாங்கினார்கள்.

அவ்வளவு அவசரம் என்று சொல்லப்பட்ட அறுவை, கையெழுத்தான பிறகு இரண்டு மணி நேரத்துக்கும் மேல் கழித்துத்தான் தொடங்கியது. மயக்க மருந்து கொடுக்கும் மருத்துவர் வேறோர் ஊரிலிருந்து வர வேண்டியிருந்தது. குழந்தையின் உயிருக்கு உடனடி ஆபத்து என்றால் அரை மணி நேரத்துக்குள் வெளியே எடுக்க முயல வேண்டும் என்பது உலகெங்கும் மகப்பேறு மருத்துவர்கள் ஏற்றுக்கொண்ட அளவுகோல். காத்திருந்த அந்த நேரத்தில் குழந்தையின் இதயத்துடிப்பைத் தொடர்ந்து பதியும் பட்டையை என் மகளின் வயிற்றில் யாரும் கட்டவில்லை.

பிறகு தாள்கள் கைக்கு வந்தன. ஸ்கேன் அறிக்கையில், வயிற்றில் குழந்தையைச் சுற்றியிருக்கும் பனிக்குட நீரின் குறியீட்டு எண் 9 சென்டிமீட்டர் என்று அச்சாகியிருந்தது. நான்கு இடங்களில் அளந்து கூட்டும் இந்த எண் 5-க்குக் கீழே இருந்தால்தான் நீர் குறைவு என்று கொள்வது வழக்கம். தனியொரு இடத்தில் அளக்கும் முறையில் 2 சென்டிமீட்டருக்குக் கீழ் இருக்க வேண்டும். நாங்கள் காலியாகப் பார்த்த கட்டத்தில், வேறு மையில், ‘கருவில் குழந்தைக்கு மூச்சுத்திணறல்’ என்று நிரப்பப்பட்டிருந்தது. செவிலியரின் குறிப்பிலோ குழந்தையின் துடிப்பு ஒவ்வொரு முறையும் நிமிடத்துக்கு 140-ஐ ஒட்டியே இருக்கிறது. 110 முதல் 160 வரை இயல்பு. குழந்தையின் நிலையைப் பார்த்துப் பிறந்தவுடன் பத்துக்குக் கொடுக்கும் அப்கார் மதிப்பெண் 8, ஐந்தாவது நிமிடத்தில் 9. நல்ல மதிப்பெண் மட்டுமே எதையும் நிரூபித்துவிடாது, சரியான நேரத்தில் செய்த அறுவையாலும் குழந்தை நன்றாகப் பிறக்கலாம் என்பதை நான் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எங்களிடம் வாயால் சொன்ன காரணம் ஒன்றும், தாளில் எழுதிய காரணம் வேறொன்றுமாக இருப்பதற்கு இன்று வரை யாரும் விளக்கம் தரவில்லை.

வலி முன்னேறவில்லை என்பதையும் நான் ஏற்கவில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் 2018-ஆம் ஆண்டு வழிகாட்டுதலின்படி தீவிரப் பிரசவ வலி என்பது கருப்பை வாய் 5 சென்டிமீட்டர் திறக்கும்போதுதான் தொடங்குகிறது. அதற்கு முந்தைய கட்டம் ஒவ்வொரு பெண்ணுக்கும் வேறுபடும், அதற்குத் திட்டமான கால வரையறை கிடையாது. தாயும் குழந்தையும் நலமாக இருக்கும்போது, இரண்டு சென்டிமீட்டரில் ஓர் இரவு இருந்ததைத் தோல்வி என்று எங்களிடம் சொல்லியிருக்கிறார்கள்.

இது எங்கள் வீட்டில் மட்டும் நடந்ததாக இருந்தால் நான் எழுதியிருக்க மாட்டேன். 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழகத் தனியார் மருத்துவமனைகளில் நடந்த பிரசவங்களில் 63.8 சதவீதம் சிசேரியன். 2015–16-இல் அது 51.3 சதவீதமாக இருந்தது. அரசு மருத்துவமனைகளில் 36 சதவீதம் என்பதும் குறைவான அளவன்று, ஆனால் சிக்கலான பிரசவங்கள் பலவும் கடைசியில் அங்கேதான் போய்ச் சேருகின்றன என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். ஒரு சமூகத்தில் இந்த விகிதம் 10 சதவீதத்துக்கு மேல் உயர்வதால் தாய் சேய் மரணம் குறைவதில்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2015-இல் அறிவித்தது. மருத்துவமனைகள் தங்கள் சிசேரியன் எண்ணிக்கையை வெளியிட வேண்டும் என்று மும்பையைச் சேர்ந்த சுபர்ணா கோஷ் 2017-இல் தொடங்கிய மனுவின் கோரிக்கை, நம் ஊர் மருத்துவமனைகளின் வரவேற்பறைச் சுவருக்கும் வர வேண்டியது.

நஞ்சுக்கொடி கருப்பை வாயை மூடியிருந்தாலோ, குழந்தை குறுக்கே கிடந்தாலோ, தொப்புள்கொடி முன்னால் சரிந்து வந்தாலோ சிசேரியன்தான் இரண்டு உயிரையும் காக்கும்; அப்போது தயங்கவே கூடாது. ஜோசியரிடம் நட்சத்திரம் பார்த்து நேரம் குறித்துக்கொண்டு போகும் குடும்பங்கள் நம் பக்கத்தில் உண்டு என்பதும், அதைக் காட்டியே மருத்துவமனைகள் தப்பித்துக்கொள்கின்றன என்பதும் எனக்குத் தெரியும். நாங்கள் நேரம் எதுவும் கேட்கவில்லை. ஒரே ஒரு மகப்பேறு மருத்துவர், வெளியூரிலிருந்து வந்துபோகும் மயக்க மருத்துவர், சுகப்பிரசவத்தைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு ‘பேக்கேஜ்’ கட்டணம், கூடுதல் நாட்களுக்கு அறை வாடகை என்று அமைந்த இடத்தில், இரவு முழுவதும் வலியோடு காத்திருப்பதில் யாருக்கும் லாபம் இல்லை. பாரம் முழுவதும் பெண்ணின் உடம்பில் இறங்குகிறது. என் மகளுக்குத் தையலில் சீழ் வைத்தது. குழந்தையைத் தூக்க முடியாமல் அவள் படுத்திருந்தபோது எங்களைக் கேட்காமலே பவுடர் பால் புகட்டியிருந்தார்கள்.

அதனால் ஏழாம் மாதத்திலேயே, உங்கள் மருத்துவமனையில் தலைப்பிரசவத்துக்கு வருபவர்களில் எத்தனை பேருக்குச் சிசேரியன் ஆகிறது, இரவில் மயக்க மருத்துவர் இருப்பாரா, வலி நேரத்தில் பெண்ணோடு ஒருவர் உள்ளே இருக்கலாமா என்று கேட்டுவிடுங்கள். நீர் குறைவு என்றால் அளவைக் கேட்டு, ஸ்கேன் தாளை வாங்கிக் கண்ணால் பாருங்கள். கழுத்தில் கொடி சுற்றியிருக்கிறது என்று மட்டும் சொன்னால் பதற வேண்டாம். ஏறக்குறைய நான்கில் ஒரு குழந்தைக்கு அப்படி இருக்கிறது, அது தன்னளவில் அறுவைக்குக் காரணம் ஆகாது. காரணக் கட்டத்தை மருத்துவர் நிரப்பி நேரத்தையும் எழுதிய பிறகே கையெழுத்துப் போடுங்கள். போட்டதும் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். நேரம் இருக்கும் நிலையில், பெருந்துறை அல்லது கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இன்னொரு கருத்தைக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

ஆவணங்களைக் கேட்டபோது முதலில் பெரிய டாக்டர் ஊரில் இல்லை என்றார்கள். எழுத்து மூலம் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்ற 2002-ஆம் ஆண்டு மருத்துவ நெறிமுறை விதியைக் குறிப்பிட்டுப் பதிவுத் தபால் அனுப்பிய பிறகே கொடுத்தார்கள். நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதானால் இரண்டு ஆண்டுக் கெடு உண்டு. வழக்குப் போடும் எண்ணம் இல்லாதவர்களும் அறுவைக் குறிப்பை மட்டுமாவது வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கருப்பையில் வெட்டு கீழ்ப்பகுதியில் குறுக்காகப் போடப்பட்டதா, நெடுக்காகவா என்பது அதில்தான் இருக்கும். அடுத்த முறை சுகப்பிரசவத்துக்கு முயலலாமா என்று முடிவுசெய்யும் மருத்துவர் முதலில் கேட்பது அந்தத் தாளைத்தான்.