கோஸ் போர்ட்டா புரோ: 1984 மாடலை இப்போது வாங்கினேன்

இரண்டரை வருடம்தான் ஆகியிருந்தது, என் வயர்லெஸ் இயர்பட்ஸில் இடது பக்கம் முக்கால் மணி நேரத்திலேயே உயிரை விட ஆரம்பித்தது. கம்பெனி பேர் வேண்டாம். சர்வீஸில் கேட்டால் பேட்டரியை மட்டும் மாற்ற முடியாதாம், புதுசு வாங்கிக்கொள்ளுங்கள் என்று தள்ளுபடி கூப்பன் கொடுத்தார்கள். அந்தக் கடுப்பில் வாங்கியதுதான் கோஸ் போர்ட்டா புரோ ஹெட்போன். வயர் உள்ளது, பேட்டரி கிடையாது, 1984இல் வந்ததை ஏறக்குறைய அதே உருவத்தில் இன்னமும் விற்கிறார்கள்.

பார்த்தால் சிரிப்பு வரும். மெல்லிய உலோகப் பட்டை, கறுப்பு ஸ்பாஞ்ச், வெளியே கொஞ்சம் நீலம். ஆனால் காதுக்கு மேலே நெற்றிப்பொட்டில் உட்காரத் தனி மெத்தை வைத்திருக்கிறார்கள் பாருங்கள், அதை நகர்த்தி அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கலாம், மூன்று மணி நேரம் போட்டும் எனக்குக் காது வலிக்கவில்லை. மடித்தால் உள்ளங்கையில் அடங்கும். நீள முடிக்காரர்கள் மட்டும் அந்தப் பட்டையிடம் ஜாக்கிரதை.

பேஸ் தூக்கல்தான், மறைக்க வேண்டாம். எண்பதுகளின் பாட்டுகளில் பேஸ் கிட்டார் குரலுக்குக் கீழே தன் பாட்டுக்கு நடந்து போவது தெளிவாகக் கேட்கிறது; ஜால்ரா, சிம்பல் எல்லாம் பளிச்சென்று வேண்டும் என்பவர்களுக்குப் பிடிக்காது. மின்தடை 60 ஓம்தான் என்பதால், வயரைப் போனோடு இணைக்கும் சின்ன டாங்கிளே போதும். 300 ஓம் சென்ஹைசர் எச்டி 600 ஹெட்போன் மாதிரி ஆம்ப் (சிக்னலைப் பெருக்கும் தனிப்பெட்டி) தேடி அலைய வேண்டாம்.

இதே கோஸ் கம்பெனி 1958இல் ஸ்டீரியோ ஹெட்போன் விற்க ஆரம்பித்தபோது அது வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து கேட்கிற சாமான். 1979இல் சோனி வாக்மேன் வந்த பிறகுதான் இப்படி லேசான ஸ்பாஞ்ச் வகை தெருவுக்கு வந்தது. காந்தம், சுருள், மெல்லிய சவ்வு என்ற அடிப்படை அன்றும் இன்றும் ஒன்றுதான். அதை நன்றாகச் செய்யும் செலவு மட்டும் பயங்கரமாகக் குறைந்துவிட்டது, 2022இல் வெறும் 20 டாலருக்கு வந்த மூன்டிராப் சூ என்ற வயர் இயர்போன் அதற்குச் சாட்சி. அப்படியானால் வயர்லெஸில் ஐந்து மடங்கு, பத்து மடங்கு கொடுக்கிறோமே, அதில் பெரும்பகுதி சிப்புக்கும் பேட்டரிக்கும் வசதிக்கும்தான், ஒலிக்கு இல்லை என்பது என் கட்சி.

சரி, குறை? திறந்த வகை, வெளிச்சத்தம் அப்படியே உள்ளே வரும், நம் பாட்டு பக்கத்து சீட்டுக்கும் போகும். பஸ்ஸில் சுத்தமாக உதவாது. அங்கே இரைச்சலை அடக்க இன்னொரு வயர்லெஸ்தான் வாங்க வேண்டும் போலிருக்கிறது. அந்தக் கூப்பனை இன்னும் தூக்கிப் போடவில்லை.