சிங்கப்பூரில் நான்கு நாள் கைச்செலவு: பல வருடமாக நான் பின்பற்றும் கணக்கு

திருச்சியில் விமானம் ஏறினால் நான்கு மணி நேரச் சொச்சத்தில் சிங்கப்பூர். எங்கள் பக்கத்து மக்களுக்கு அது பழகிய ஊர். ஆனால் பழகிய ஊர் என்பதற்காக விலை குறையவா போகிறது? 2015 வாக்கிலிருந்து வேலைக்காகவும் குடும்பத்தோடும் போய்வருகிறேன், பெரும்பாலும் மூன்று நான்கு நாள் பயணம். விமான டிக்கெட், விசா, அறை வாடகை பற்றி இங்கே எழுதப் போவதில்லை. அங்கே இறங்கிய பிறகு கையிலிருந்து போகும் பணத்தை எப்படி ஒதுக்குகிறேன், அந்த முறை இத்தனை வருடத்தில் எங்கே நின்றது, எங்கே நிற்கவில்லை என்பதைத்தான் சொல்ல வந்தேன்.

முறை எளிமையானது. வீட்டில் உட்கார்ந்து ரூபாயில் ஒரே ஒரு முடிவு எடுப்பேன்: இந்தப் பயணத்துக்கு இவ்வளவு. அதை சிங்கப்பூர் டாலராக மாற்றியதும் ரூபாய்க் கணக்கு அங்கேயே முடிந்துவிடும். சிங்கப்பூரில் இறங்கிய பிறகு எந்த விலையையும் ரூபாயால் பெருக்குவதில்லை. டாலர் தொகையை நான்காகப் பிரிப்பேன். பார்க்கப்போகும் இடங்களின் டிக்கெட் பணம் முதல் பங்கு, அது ஊரிலிருந்தே கட்டப்பட்டுவிடும். அன்றாடச் சாப்பாடு, போக்குவரத்துக்கு ஒரு பங்கு. ஒரு நல்ல சாப்பாட்டுக்கும் கடைக்கும் சேர்த்து ஒரு பங்கு. கடைசிப் பங்கு தொடாத பணம், கார்டிலேயே கிடக்கும்.

மொத்தத்தை நாள் கணக்கில் வகுத்து "ஒரு நாளைக்கு இவ்வளவு" என்று வைத்துக்கொள்பவர்கள்தான் அதிகம். குறுகிய பயணத்துக்கு அது சரிப்பட்டு வராது. இறங்கும் நாளில் பயண அட்டை, சிம் கார்டு, பசியோடு கண்ணில் பட்ட கடையில் சாப்பாடு என்று பணம் வேகமாகப் போகும். நடுவில் ஒரு நாள் பூங்காவிலும் கோயிலிலும் கழிந்தால் 25 டாலர்கூட ஆகாது. கிளம்பும் நாள் பாதி நாள்தான். சராசரியைப் பிடித்துக்கொண்டு நடந்தால் முதல் நாளே மனசு கலங்கி, அடுத்த நாள் வேண்டியதையும் வேண்டாம் என்று தள்ளத் தோன்றும்.

ரூபாயால் பெருக்காதீர்கள் என்று நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்கு என் அம்மாதான் காரணம். அம்மாவை முதல்முறை அழைத்துப்போனபோது லிட்டில் இந்தியாவில் உள்ள தேக்கா சந்தையில் டீ ஒன்றரை டாலர் அளவில் இருந்தது. அம்மா பலகையைப் பார்த்தார், மனக்கணக்குப் போட்டார், "எனக்குத் தாகமா இல்லப்பா, நீங்க குடிங்க" என்றார். மதியம் சாப்பாடு பாதி போதும் என்றார். சாயங்காலம் கால் வலித்தும் டாக்சி வேண்டாம், நடந்தே போகலாம் என்றார். வாழ்நாள் முழுக்க வீட்டுச் செலவைப் பைசா பைசாவாக எண்ணி எங்களை வளர்த்தவர் அவர். ஆசையாகப் பார்க்க வந்த ஊரில் பட்டினி கிடப்பதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை.

அடுத்த முறை போனபோது ஒரு சின்ன பர்ஸில் டாலர் நோட்டும் சில்லறையும் போட்டு அம்மா கையில் கொடுத்தேன். "இது உன் பணம்மா. என்கிட்ட திருப்பித் தரக் கூடாது, ஊருக்கும் எடுத்துட்டுப் போகக் கூடாது" என்றேன். எல்லாம் மாறிவிட்டது. காலையில் எங்களுக்கு டீ வாங்கிக் கொடுத்தது அம்மாதான். சிராங்கூன் சாலை வீரமாகாளியம்மன் கோயில் உண்டியலில் தன் கையால் காசு போட்டார். பேத்திக்கு ஐஸ்கிரீம் வாங்கித் தந்துவிட்டு மீதிச் சில்லறையை எண்ணி வாங்கினார். அந்த நான்கு நாளில் ஒரு தடவைகூட ரூபாய்ப் பேச்சு எடுக்கவில்லை. அப்போதிருந்து யார் உடன் வந்தாலும், குழந்தைகள் உட்பட, ஆளுக்கொரு பர்ஸ் உண்டு. பெரியவர்களோடு போகிறவர்கள் இதை மட்டுமாவது செய்துபாருங்கள். பணத்தை யாராவது ஒருவரே கையில் வைத்துக்கொண்டால், மற்றவர்கள் ஒவ்வொன்றுக்கும் அவர் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கும். வீட்டுக்கு மூத்தவர்கள் அப்படிக் கேட்கவே மாட்டார்கள்.

சரி, எவ்வளவு? ஆரம்ப வருடங்களில் அன்றாடப் பங்கை ஆளுக்கு நாளொன்றுக்கு 30 டாலர் என்று வைத்தேன். இப்போது 40. காலை டிபனும் காப்பியும் 5 அல்லது 6, மதியம் 8, இரவு 10, இடையில் குடிக்க 4, பஸ் ரயிலுக்கு 6, மீதி சில்லறைச் செலவுக்கு. டாலரில் பார்த்தால் மூன்றில் ஒரு பங்குதான் கூடியிருக்கிறது. ஆனால் அன்று ஒரு சிங்கப்பூர் டாலர் 50 ரூபாய்க்குக் கீழே இருந்தது, இன்று 65ஐத் தாண்டிவிட்டது. ஆக, ரூபாயில் அந்தப் பங்கு இரட்டிப்பை நெருங்கியிருக்கிறது. கூடியதில் பாதி சிங்கப்பூரின் விலைவாசி, பாதி நம் ரூபாயின் சரிவு. பழைய பயணத்தின் ரூபாய்த் தொகையை நினைவில் வைத்துக்கொண்டு கிளம்புகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

அங்கே ஜிஎஸ்டியும் ஏறியிருக்கிறது: 7 சதவீதமாக இருந்தது 2023இல் 8, 2024இல் 9. மெனுவில் விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி இருந்தால், 10 சதவீத சர்வீஸ் சார்ஜும் அதற்கு மேல் ஜிஎஸ்டியும் தனி என்று அர்த்தம். 40 டாலருக்குச் சாப்பிட்டால் பில் 47 டாலர் 96 காசு. சில சீன உணவகங்களில் மேசையில் தாமாகவே வைக்கும் வேர்க்கடலைக்கும் ஈரத் துண்டுக்கும் காசு உண்டு. வேண்டாம் என்றால் உடனே சொல்லிவிடலாம், யாரும் தப்பாக நினைப்பதில்லை. நண்டு, மீன் வகைகளை எடைக் கணக்கில் விற்கும் இடத்தில், சமைக்கச் சொல்வதற்கு முன் எத்தனை கிலோ, மொத்தம் எவ்வளவு என்று கேட்டுவிடுங்கள்.

பல சின்னச் சாப்பாட்டுக் கடைகள் ஒரே கூரையின் கீழ் இருக்கும் உணவங்காடிகளில் (ஹாக்கர் சென்டர்) இந்தத் தொல்லை எதுவும் இல்லை. பலகையில் என்ன விலையோ அதைக் கொடுத்தால் போதும். 2020இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த உணவுப் பண்பாடு அது. அலுவலகம் போகிறவரும் ஓய்வுபெற்றவரும் தினமும் அங்கேதான் சாப்பிடுகிறார்கள். அங்கே சாப்பிடுவதை நான் சிக்கனமாகவே நினைப்பதில்லை. தேக்காவில் பிரியாணி, மேக்ஸ்வெல் உணவங்காடியில் கோழிச் சோறு, எங்கும் கிடைக்கும் ரொட்டி பராட்டா எல்லாமே பெரும்பாலும் 4 முதல் 8 டாலருக்குள் முடியும், ருசியும் குறையாது. சைவக்காரர்களுக்கு சிராங்கூன் சாலையில் 1947லிருந்து நடக்கும் கோமள விலாஸ் போன்ற இடங்கள் உண்டு, கொஞ்சம் கூடுதலாக ஆகும். சாப்பிட்ட தட்டை நாமே கொண்டுபோய் வைக்க வேண்டும், 2021லிருந்து அது கட்டாயம். குழாய்த் தண்ணீரை அப்படியே குடிக்கலாம். ஆளுக்கொரு பாட்டில் எடுத்துப்போனால் தண்ணீருக்கென்று செலவே வராது. ஒன்று மட்டும்: சீனப் புத்தாண்டு சமயத்தில் ஏராளமான கடைகள் சில நாள் மூடியிருக்கும். அந்த வாரத்தில் போனால் அன்றாடப் பங்கை உயர்த்தியே வைக்கிறேன்.

போக்குவரத்தில் பெரிய மாற்றம் 2019இல் வந்தது. நம் ஊர் விசா, மாஸ்டர்கார்டையே பஸ்ஸிலும் ரயிலிலும் தட்டிவிட்டு ஏறலாம். வெளிநாட்டுக் கார்டு என்றால் பயன்படுத்தும் நாளுக்கு 60 காசு கட்டணம் சேரும். தனியாகப் போகும்போது எனக்கு இது வசதி. ஆனால் ஒரு கார்டு ஒரு ஆளுக்குத்தான். அம்மாவுக்கும் மகளுக்கும் ஈசி லிங்க் அட்டை வாங்கி வைத்திருக்கிறேன். 10 டாலர் கொடுத்து வாங்கினால் அதில் 5 டாலர் அட்டையின் விலை, மீதி 5 டாலருக்குப் பயணம் செய்யலாம். பல வருடம் செல்லும் என்பதால் அடுத்த பயணத்துக்கும் உதவுகிறது. பஸ்ஸிலிருந்து இறங்கும்போது மறக்காமல் தட்ட வேண்டும், இல்லாவிட்டால் கடைசி நிறுத்தம் வரைக்குமான கட்டணம் போய்விடும். விமான நிலையத்திலிருந்து நகருக்கு ரயிலில் சுமார் 2 டாலர், டாக்சியில் 20க்கு மேல். நள்ளிரவு தாண்டி காலை 6 மணி வரை டாக்சி மீட்டரில் பாதி கூடும். ஆகவே விமானம் எத்தனை மணிக்கு இறங்குகிறது என்பதையும் கைச்செலவில் சேர்த்துப் பாருங்கள். டிக்கெட்டில் மிச்சப்படுத்தியதில் ஒரு பகுதியை டாக்சி எடுத்துக்கொள்ளும்.

நான்கு நாளில் கட்டணம் கொடுத்துப் பார்க்கும் இடம் இரண்டு போதும் என்பது என் கருத்து. மிருகக்காட்சி சாலையோ, கரையோரப் பூங்காவின் (கார்டன்ஸ் பை தி பே) கண்ணாடி மாளிகைகளோ, உங்கள் விருப்பம். மீதி நேரத்தை நிரப்ப இலவச இடங்களே தாராளம். அந்தப் பூங்காவின் செயற்கை ராட்சத மரங்களுக்கு அடியில் இரவு 7.45க்கும் 8.45க்கும் நடக்கும் ஒளிக் காட்சிக்குக் கட்டணமில்லை. மரினா பே நீரில் நடக்கும் காட்சியும் அப்படித்தான். தாவரவியல் பூங்காவுக்குள் நுழையக் காசு வேண்டாம், ஆர்க்கிட் தோட்டத்துக்கு மட்டும் டிக்கெட். சாங்கி விமான நிலையத்தில் உள்ள 40 மீட்டர் உயர உள்ளரங்க அருவியையும் சும்மாவே பார்க்கலாம். போவதற்கு முன் நிரப்ப வேண்டிய வருகை அட்டையும் இலவசம்தான். அதற்குப் பணம் கேட்கும் இணையதளம் அரசாங்கத்துடையது அல்ல.

பணத்தை எந்த வடிவில் எடுத்துப்போவது என்பதில் பல வருடம் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டேன். உணவங்காடிக் கடைகள் பலவற்றில் ரொக்கம் அல்லது உள்ளூர் க்யூஆர்தான், நம் கார்டு நடக்காது. எனவே அன்றாடப் பங்கில் முக்கால்வாசியை ரொக்கமாக வைத்து, ஒவ்வொரு நாளுக்கும் ஒரு கவர் போடுகிறேன். அன்றன்றைக்கு மிஞ்சியது மறுநாள் கவரில் சேரும். ஒவ்வொரு செலவையும் செல்போன் செயலியில் பதிவது எனக்கு நீடிக்கவில்லை. கவரைத் திறந்து பார்த்தாலே நிலைமை தெரிந்துவிடுகிறது. கடைகளுக்கு டாலர் ஏற்றிய ஃபாரெக்ஸ் கார்டு. சாதாரண கிரெடிட் கார்டில் அந்நியச் செலாவணிக் கட்டணம் பல வங்கிகளில் மூன்றரை சதவீதம், அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. கார்டு இயந்திரம் ரூபாயில் கட்டவா, டாலரில் கட்டவா என்று கேட்டால் டாலர்தான். ரூபாய் என்று அழுத்தினால் அவர்கள் வைத்த ரேட்டில் போகும்.

விடுதி முன்பணத்துக்கு மட்டும் கிரெடிட் கார்டையே நீட்டுங்கள். ஒரு விடுதியில் ஃபாரெக்ஸ் கார்டில் பிடித்துவைத்த வைப்புத்தொகை, நான் ஊர் திரும்பிய பிறகுதான் விடுபட்டது. அதுவரை அந்த டாலரைத் தொட முடியவில்லை. குறுகிய பயணத்தில் அப்படி ஒரு தொகை முடங்கினால் இரண்டு நாள் சாப்பாட்டுப் பணம் போனதுபோல.

கணக்கு உண்மையில் உடைவது கடைத்தெருவில். அத்தைக்குக் கோடாலித் தைலம், சித்தப்பாவுக்கு சென்ட், தெருவில் உள்ள பிள்ளைகளுக்கெல்லாம் சாக்லேட். வெளிநாடு போய் வெறுங்கையோடு திரும்ப நம் வீடுகளில் மனசு வராது, வரவும் வேண்டாம். அதனால் இதை மிச்சப்பணத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாமல், கிளம்பும் முன்பே பெயர்களை எழுதி, தலைக்கு எத்தனை டாலர் என்று குறித்துவிடுகிறேன். முஸ்தபா பேரங்காடியின் மாடிகளில் அந்தக் காகிதம் கையில் இருந்தால் அரை மணி நேரத்தில் வேலை முடிகிறது. சாக்லேட்டை எடை பார்த்து வாங்குங்கள், விமானத்தில் கூடுதல் கிலோவுக்குக் கட்டும் பணம் சாக்லேட் விலையையே தாண்டும். 100 டாலருக்கு மேல் வாங்கினால், சுற்றுலாப் பயணிக்கு ஜிஎஸ்டி திருப்பித் தரும் கடையா என்று கேளுங்கள். பாஸ்போர்ட்டைக் காட்டிப் பதிந்துகொண்டு, சாங்கியில் கிளம்பும்போது கேட்டுப் பெறலாம். கிடைக்கும் தொகையை முன்கூட்டியே வரவில் எழுதாதீர்கள், வரிசை நீளமாக இருந்தால் விமானம்தான் முக்கியம்.

இந்தக் கணக்கு எல்லோருக்கும் பொருந்தாது. சிறு பிள்ளைகளோடு கேளிக்கைப் பூங்காவுக்குப் போகும் நாளில் 40 டாலர் நிற்காது. உள்ளே விற்கும் சாப்பாட்டின் விலை வேறு, அந்த ஒரு நாளுக்குத் தனிக் கவர் வேண்டும். மதுவும் இரவு விடுதியும் பயணத்தில் உண்டென்றால் என் எண்கள் உதவாது, அங்கே மதுவின் விலை அவ்வளவு. கார் பந்தயம் நடக்கும் வாரத்தில் அறை வாடகை எகிறி மொத்தத் திட்டமே மாறும், நான் அந்த வாரத்தைத் தவிர்த்துவிடுகிறேன்.

தொடாத பங்கு ஆளுக்கு 100 டாலர் என்று வைத்திருக்கிறேன். மருந்துக்கோ, தவறவிட்ட பொருளுக்கோ, விமானம் தாமதமானால் ஒரு வேளைச் சாப்பாட்டுக்கோ அது. பெரும்பாலும் அப்படியே திரும்பி வந்து அடுத்த பயணத்தின் முதல் பணமாகிறது. நோட்டுகளையும் மாற்றாமல் வைத்துக்கொள்கிறேன், வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் நடுவில் நஷ்டம்தான் மிஞ்சும். சில்லறை நாணயத்தை இங்கே மாற்ற முடியாது, கடைசி நாள் காலைக் காப்பிக்கே அதைக் கொடுத்துத் தீர்த்துவிடுங்கள்.