பகல்ல தனியா சுத்தணும்னா சிங்கப்பூரா துபாயா? பாளையங்கோட்டைல இருந்து ஒரு அலசல்

மவ சிங்கப்பூர்ல இருக்கா, மவன் துபாய்ல. ரெண்டு ஊர்லயும் போய்த் தங்கிட்டு வந்ததுனால எங்க தெருவுல யாருக்கு விசா கிடைச்சாலும் எங்கிட்ட வந்துதான் கேக்காவ, எந்த ஊரு நல்லாருக்கும்னு. பிள்ளைகளோட சனி ஞாயிறு சுத்துறதுக்கு ரெண்டுமே நல்லாத்தான் இருக்கும், அதுல அலச ஒண்ணும் இல்ல. நான் சொல்ல வாரது திங்கள்லேர்ந்து வெள்ளி வரைக்கும். காலைல எட்டு மணிக்கு எல்லாரும் ஆபீஸுக்கும் ஸ்கூலுக்கும் கெளம்பிருவாவ, பொழுது சாயுற வரைக்கும் அந்த பிளாட்டுக்குள்ள நாம மட்டும்தான் இருக்கணும். அப்போ கதவைப் பூட்டிட்டு தனியா இறங்கி நடக்க எந்த ஊரு தோது? இங்கிலீஷ் கொஞ்சம்தான் வரும், ஹிந்தி தெரியாது, வயசு அம்பதைத் தாண்டியாச்சு, அப்படிப்பட்ட நம்ம ஊர்ப் பொம்பளையாளுக்குத்தான் இதை எழுதுதேன்.

என் கணக்குல சிங்கப்பூர்தான். ஆனா துபாயை அப்படியே தள்ளிரவும் மனசு வரல, அதுக்கு ஒரு சீசன் இருக்கு.

முதல்ல பாஷை. சிங்கப்பூர்ல தமிழ் அரசாங்க பாஷை நாலுல ஒண்ணு, அது சும்மா ஏட்டுல இல்ல, ரயில் ஸ்டேஷன்ல எச்சரிக்கை போர்டு தமிழ்ல இருக்கும், பிளாட்பாரத்துல இடைவெளியைப் பார்த்து ஏறச் சொல்லுற அறிவிப்பு தமிழ்ல வரும், 1935-ல ஆரம்பிச்ச தமிழ் முரசு பேப்பர் இன்னைக்கும் வருது, வீட்டுல டிவியைப் போட்டா வசந்தம் சேனல். ஒரு அந்நிய ஊர்ல நம்ம எழுத்தைச் சுவத்துல பார்த்ததும் வாற தைரியம் இருக்கே, அது பெரிய விஷயம், அந்த தைரியத்துலதான் அடுத்த நாள் இன்னும் ரெண்டு ஸ்டேஷன் தள்ளிப் போகத் தோணும்.

துபாய்ல போர்டு அரபியும் இங்கிலீஷும்தான். ஆனா கடைக்குள்ள நுழைஞ்சா பாதி இடத்துல மலையாளம், கராமா பக்கம் போனா தமிழே கேக்கும். செங்கோட்டை, நாகர்கோவில் பக்கம் சொந்தம் வச்சு மலையாளம் காதுல விழுந்து பழகினவங்களுக்கு அங்கன பெரிய கஷ்டம் இல்ல. டாக்ஸில ஏறினாத்தான் பாடு, டிரைவர்மாரு நிறைய பேர் உருது, ஹிந்திதான் பேசுதாவ.

அடுத்து வெயில். நம்ம கத்திரி வெயில்ல வளர்ந்தவங்க நாம, இதெல்லாம் தாங்குவோம்னு யாரும் நினைக்காதீங்க. துபாய்ல கோடையில 40 டிகிரிக்கு மேல போயி கடல் ஈரமும் சேர்ந்து அடிக்கும், ஜூன் 15-லேர்ந்து செப்டம்பர் 15 வரைக்கும் மதியம் 12.30-லேர்ந்து 3 மணி வரை வெட்டவெளில ஆள வச்சு வேலை வாங்கக் கூடாதுன்னு அரசாங்கமே சட்டம் போட்டிருக்கு. வேலைக்காரங்களுக்கே வேண்டாம்னு சொல்லுத வெயில்ல நாம எதுக்கு நடக்கணும்? நவம்பர்லேர்ந்து பிப்ரவரிக்குள்ள போங்க, காலைல நடக்க அவ்வளவு சுகமா இருக்கும். சிங்கப்பூர்ல வருஷம் பூரா ஒரே புழுக்கம்தான், திடீர்னு மழை கொட்டும், ஆனா பிளாக்லேர்ந்து பஸ் ஸ்டாப் வரைக்கும் நிறைய இடத்துல நடைபாதைக்கு மேல கூரை போட்டிருக்காவ. ஒரு குடை இருந்தா எந்த மாசமும் வெளிய இறங்கலாம்.

ரயில் ரெண்டு ஊர்லயும் அருமை. சிங்கப்பூர்ல தனியா கார்டு வாங்கக்கூட வேண்டாம், டேப் பண்ற பேங்க் கார்டே போதும், ஆனா வெளிநாட்டு கார்டுக்கு தினம் கொஞ்சம் கட்டணம் பிடிப்பாவ, அதனால மவ அங்கயே ஒரு கார்டு வாங்கிக் குடுத்தா நல்லது. பஸ்ஸுல இறங்கும்போதும் மறக்காம டேப் பண்ணணும், இல்லன்னா கடைசி ஸ்டாப் வரைக்கும் காசு போயிரும். துபாய்ல நோல் கார்டு, 25 திர்ஹாம், அதுல 19 நமக்கே பயணத்துக்கு இருக்கும்.

துபாய் மெட்ரோல பொம்பளைங்களுக்கும் குழந்தைகளுக்கும் தனிப் பெட்டி உண்டு, ஆம்பளை ஏறினா 100 திர்ஹாம் அபராதம். “மதினி, அங்கன பொம்பளையாளு தனியா போகலாமா?”ன்னு என் நாத்தனா கேட்டா, தாராளமா போ தாயி, கூட்டமா இருந்தா அந்தப் பெட்டில ஏறிக்கோன்னேன். இதுல துபாய்க்குத்தான் ஒரு மார்க் கூட. ஆனா மெட்ரோ வழியை விட்டுத் தள்ளி வீடு இருந்தா எல்லாம் போச்சு. வாடகை கம்மின்னு பக்கத்து ஊரு ஷார்ஜால குடியிருக்குற நம்ம பிள்ளைக எத்தனையோ பேர், அங்க மெட்ரோவே இல்ல, துபாய்க்குள்ள வரணும்னா பஸ்ஸுதான், காலைலயும் சாயங்காலமும் டிராபிக்ல நின்னே நேரம் போயிரும். சிங்கப்பூர்ல எந்த மூலைல வீடு இருந்தாலும் கீழ இறங்கினா பஸ் ஸ்டாப் இருக்கும், ஒவ்வொரு ஸ்டாப்புக்கும் அஞ்சு இலக்க நம்பர், ஒவ்வொரு பிளாக் சுவத்துலயும் பெருசா நம்பர். இந்த ரெண்டையும் ஒரு சீட்டுல எழுதி பர்ஸுல வச்சுட்டா வழி தவற வாய்ப்பே இல்ல. துபாய்லயும் கட்டிடத்துக்குக் கட்டிடம் மக்கானின்னு பத்து இலக்க நம்பர் பலகை உண்டு, அதைப் போட்டோ எடுத்து வச்சுக்கோங்க.

போன் விஷயம் ரொம்ப முக்கியம். அமீரகத்துல வாட்ஸ்அப்ல மெசேஜ் போகும், கால் போகாது. வழி தெரியாம நிக்கும்போது மவனைக் கூப்பிடணும்னா உள்ளூர் சிம் கட்டாயம் வேணும், முதல் நாளே வாங்கிருங்க. சிங்கப்பூர்ல இந்தத் தொல்லை இல்ல.

இனி எங்க போறதுன்னு பார்ப்போம். சிங்கப்பூர்னா எல்லாரும் சிராங்கூன் ரோட்டைத்தான் சொல்லுவாவ, வீரமாகாளியம்மன் கோயில், தேக்கா மார்க்கெட், முஸ்தபா கடை, எல்லாம் பார்க்க வேண்டியதுதான், ஞாயித்துக்கிழமை மட்டும் வேண்டாம், நெரிசல் தாங்காது. ஆனா எனக்கு மனசு நிறைஞ்சது சவுத் பிரிட்ஜ் ரோடு. 1827-ல நாராயண பிள்ளை ஆரம்பிச்ச மாரியம்மன் கோயில், அதே ரோட்டுல பக்கத்துலயே சூலியான்னு சொல்லுத தமிழ் முஸ்லிம்க கட்டின ஜாமியா பள்ளிவாசல், கொஞ்சம் நடந்தா தெலுக் ஆயர்ல நாகூர் தர்கா. இன்னும் கொஞ்சம் தள்ளி தஞ்சோங் பகார், அந்தக் காலத்துல நம்ம கடையநல்லூர், தென்காசி முஸ்லிம் குடும்பங்க வந்து குடியேறின இடம். 1946-ல கடையநல்லூர்க்காரங்க சங்கம் அங்க பக்கத்துல ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடம் ஆரம்பிச்சாவ, எட்டயபுரத்துல அடங்கியிருக்குற உமறுப் புலவர் பேர்ல. பொழைக்க வந்த இடத்துல, உலகச் சண்டை முடிஞ்ச மறு வருஷமே பிள்ளைகளுக்குத் தமிழ் படிக்க பள்ளிக்கூடம் வேணும்னு நினைச்சிருக்காவன்னா அது என்ன மனசு! அந்தத் தெருவுல நடக்கும்போது நாம டூரிஸ்ட்னே தோணாது. கோயில் நடை மதியம் சாத்திருவாவ, காலைலயே போயிருங்க.

துபாய்ல இதுக்கு ஈடா நான் சொல்லுறது கிரீக் ஓரம், அதாவது ஊருக்குள்ள வாற கடல் கழி ஓரம். புர்ஜ் கலீஃபா 828 மீட்டர், பார்த்துட்டு வந்துரலாம், அது பிள்ளைக கூட்டிட்டுப் போவாவ. தனியா போனா பர் துபாய்ல அல் ஃபாஹிதி பழைய வீடுக நடுவுல நடந்துட்டு, ஒரே ஒரு திர்ஹாம் சில்லறையாக் குடுத்து ஆப்ரா படகுல அக்கரைக்கு, தேரா பக்கம் போங்க. இறங்கினா மசாலா மார்க்கெட், உள்ள தங்க மார்க்கெட். வாங்காட்டியும் பார்த்துக்கிட்டே ஒரு காலைப்பொழுது போயிரும். தூரத்து நாட்டு ஆளுக எல்லாம் கூட உக்காந்து வருவாவ அந்தப் படகுல, எனக்கு துபாய்ல ரொம்பப் பிடிச்சது அதுதான். சாமி கும்பிட ஜபல் அலில 2022-ல திறந்த கோயில் இருக்கு, மெட்ரோல போயி டாக்ஸி பிடிக்கணும்.

போக்குவரத்துல துபாய்தான் நமக்குக் கிட்ட. நாகர்கோவில் வழியா திருவனந்தபுரம் போய் ஏறினா நேர் ஃப்ளைட். சிங்கப்பூருக்கு நம்ம ஆளுக நிறைய பேர் திருச்சி வரைக்கும் போறாவ, மூட்டு வலிக்காரங்களுக்கு அந்த ரோடு பயணமே ஒரு நாள் பாடு.

ஆக மவனோ மவளோ ரெண்டு பக்கமும் கூப்பிட்டா, டிசம்பர்னா துபாய்க்குப் போங்க, அதுவும் வீடு மெட்ரோ பக்கமான்னு கேட்டுக்கிட்டு. மத்த மாசம்னா சிங்கப்பூர். வீடு ஷார்ஜான்னா தனியா சுத்துற ஆசையைக் கொஞ்சம் குறைச்சுக்கிட்டு, லீவு போட்டு ஆள் கூட இருக்குற வாரமாப் பார்த்துப் போங்க.

பெட்டி கட்டும்போது ஒண்ணு மட்டும். அல்வா, முறுக்கு, மிக்சர் எது வேணா கொண்டு போங்க, கசகசா மட்டும் ரெண்டு ஊருக்கும் வேண்டாம், தடை. வீட்டுல அரைச்ச குருமாப் பொடில சேர்த்திருந்தாலும் எடுத்து வச்சிருங்க. தினம் சாப்பிடுற மாத்திரைக்கு டாக்டர் சீட்டும் கையில இருக்கணும், வலி மாத்திரைல சிலது அமீரகத்துல கட்டுப்பாட்டுல இருக்கு, டிக்கெட் போடுறதுக்கு முன்னாலயே மவன்கிட்ட மாத்திரை பேரை அனுப்பிப் பார்க்கச் சொல்லிருங்க.