"ஹேண்ட்ஸ்-ஆன்" என்று சொல்லி 2,600 டாலர் வாங்கினார்கள், ஒரு நோயாளியைக்கூடத் தொடவிடவில்லை

அமெரிக்காவில் டாக்டராக உரிமம் பெறுவதற்கான யு.எஸ்.எம்.எல்.இ. தேர்வை எழுதும் ஜூனியர்கள், பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். வீட்டில் பணம் தரப்போகும் அப்பா அம்மாவுக்கும் படித்துக் காட்டுங்கள்.

நான் திருநெல்வேலிப் பக்கம். 2024-இல் எம்.பி.பி.எஸ். இறுதியாண்டுத் தேர்வு முடிந்து, ஹவுஸ் சர்ஜன் வேலை தொடங்கும் முன் கிடைத்த இடைவெளியில் நியூ ஜெர்சியில் ஒரு தனியார் கிளினிக்குக்கு நான்கு வார ரொட்டேஷனுக்கு, அதாவது டாக்டர் ஒருவரின் கீழ் பயிற்சிக்கு, போனேன். ஏற்பாடு செய்தது ஒரு ஏஜென்சி. அம்மாவின் வளையல்களைக் கூட்டுறவு வங்கியில் அடகு வைத்துத்தான் அப்பா பணம் புரட்டினார். 2,600 டாலர், அன்றைய கணக்குக்கு 2 லட்சத்து 16 ஆயிரம் ரூபாய். டிக்கெட்டும் விசாக் கட்டணம் 185 டாலரும் தனி. தங்குவதற்குச் சித்தப்பா வீடு இருந்ததால் பிழைத்தேன்.

ஏன் இவ்வளவு அவசரப்பட்டேன் என்று கேட்பீர்கள். 2022 ஜனவரியிலிருந்து யு.எஸ்.எம்.எல்.இ.-யின் முதல் கட்டமான ஸ்டெப் 1-க்கு மதிப்பெண் கிடையாது, பாஸ் அல்லது ஃபெயில் மட்டும்தான். மார்க்கை வைத்து முன்னால் நிற்க முடியாது என்றானதும், அமெரிக்க டாக்டர் ஒருவரின் கீழ் வேலை பார்த்த அனுபவத்துக்கும் அவர் தரும் சிபாரிசுக் கடிதத்துக்கும் எல்லோரும் ஓட ஆரம்பித்தோம். என்னைப்போல அமெரிக்காவுக்கு வெளியே படித்த, அமெரிக்கர் அல்லாதவர்களில் மேட்ச் ஆகிறவர்கள், அதாவது ரெசிடென்சி எனும் அங்குள்ள மேற்பயிற்சியில் இடம் கிடைக்கிறவர்கள், 100-க்கு 60 பேர்கூட இல்லை. அந்தப் பயத்தில்தான் இந்த ஏஜென்சிகளின் வியாபாரம் நடக்கிறது.

விளம்பரத்தில் இருந்தது இதுதான்: "ஹேண்ட்ஸ்-ஆன்", அதாவது கைவைத்துச் செய்யும் பயிற்சி; நேரடியாக ஹிஸ்டரி (நோய் விவரம்) கேட்டு எடுக்கலாம், நோயாளியைப் பரிசோதிக்கலாம், மால்பிராக்டிஸ் (சிகிச்சைத் தவறு) இன்ஷூரன்ஸ் எங்கள் பொறுப்பு, கடைசி நாளில் கடிதம் கையில். பணம் போய்ச் சேர்ந்ததும் விசா இன்டர்வியூவுக்காக ஒரு கடிதம் அனுப்பினார்கள். அதில் நான் "அப்சர்வர்", அதாவது பார்வையாளர், என்று இருந்தது. நோயாளிகளைத் தொடமாட்டார் என்றும் ஒரு வரி. வாட்ஸாப்பில் கேட்டேன். "அது விசாவுக்காக எழுதுறதுமா, நீங்க அங்க போனதும் எல்லாம் செய்யலாம்" என்று பதில் வந்தது. அந்த இடத்தில் நான் நின்றிருக்க வேண்டும். ஒரே நிறுவனம் என்னிடம் ஒரு வார்த்தையும் தூதரகத்திடம் வேறு வார்த்தையும் சொன்னது. அதில் ஏதோ ஒன்று பொய் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

முதல் நாள் காலை ஆபீஸ் மேனேஜர் இன்ஷூரன்ஸ் சான்றிதழ் கேட்டார். என்னிடம் இல்லை. ஏஜென்சிக்கு போன் போட்டால் "அனுப்புகிறோம்" என்றார்கள். நான்கு வாரமும் அதையேதான் சொன்னார்கள். டாக்டர் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டு, என் இன்ஷூரன்ஸ் உன்னைக் காப்பாற்றாது, அதனால் யாரையும் தொடாதே என்றார். அவர்மீது எனக்குக் கோபமில்லை. அவர் சொன்னது சரி. நான் பரிசோதிக்க வருகிறேன் என்று ஏஜென்சி அவரிடம் சொல்லவே இல்லையாம். நிழல்போலக் கூட நிற்கும் மாணவி என்றுதான் சொல்லியிருக்கிறார்கள்.

நின்றேன். பி.பி. பார்ப்பது மெடிக்கல் அசிஸ்டன்ட். கணினியில் நோயாளி விவரங்களைத் திறக்க எனக்கு லாகின் இல்லை. இரண்டாவது வாரம் முன்மேசையில் நோயாளிகளின் இன்ஷூரன்ஸ் அட்டைகளை ஸ்கேன் செய்யச் சொன்னார்கள். சும்மா நிற்பதற்கு ஏதாவது செய்வோமே என்று செய்தேன். வீட்டில் சித்தப்பா, "ஏம்மா, ஸ்டெத்தை மாட்டிக்கிட்டுப் போய் அட்டையா ஸ்கேன் பண்ணிட்டு வர்ற?" என்று கேட்டபோது பதில் சொல்ல முடியவில்லை. ஊரில் மூன்றாம் ஆண்டிலேயே வார்டில் எத்தனையோ பேரின் வயிற்றைத் தொட்டுப் பார்த்துக் கேஸ் பிரசன்ட் பண்ணிய கை இது.

விசா விஷயம் திரும்பி வந்த பிறகுதான் முழுதாகப் புரிந்தது. வெளிநாட்டு மருத்துவ மாணவர் பி-1 எனும் குறுகிய காலப் பயண விசாவில் நேரடிப் பயிற்சி பெற வழி இருக்கிறது. ஆனால் அது அமெரிக்க மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனையில், பேராசிரியர் மேற்பார்வையில், நம் படிப்பின் பகுதியாக, சம்பளமில்லாமல் செய்யும் எலெக்டிவ் எனும் விருப்பப் பயிற்சிக்கு மட்டும். கடைத்தெருவில் இருக்கும் தனியார் கிளினிக் அதில் வராது. அந்த டாக்டர் நல்ல மனதோடு என்னை நோயாளியைத் தொட விட்டிருந்தால், சிக்கல் என் தலையில்தான் விழுந்திருக்கும். இன்னொரு பெண்ணிடம் ஏஜென்சிக்காரர்கள் "டூரிஸ்ட்னு சொல்லிடு" என்றே சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். விசா அதிகாரியிடம் தெரிந்தே பொய் சொன்னது நிரூபணமானால் ஆயுளுக்கும் அமெரிக்கா மூடிப்போகலாம். தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள்.

கடைசியில் கடிதம். சிபாரிசுக் கடிதத்தை ஏஜென்சி பி.டி.எஃப். ஆக எனக்கே அனுப்பி, "அப்லோட் பண்ணிக்கோங்க" என்றார்கள். ரெசிடென்சி விண்ணப்பத்தில் கடிதத்தை விண்ணப்பதாரர் ஏற்றவே முடியாது. எழுதியவரோ அவர் நியமித்த ஆளோதான் ஏற்ற வேண்டும். இதுகூடத் தெரியாதவர்களா இத்தனை ஆண்டு இந்தத் தொழில் செய்கிறார்கள்? திறந்து பார்த்தேன். நான் தனியாக நோயாளிகளைப் பரிசோதித்தேன் என்று எழுதியிருந்தது. இரண்டு இடத்தில் என்னை ஆண் என்று குறிப்பிட்டிருந்தது. வேறு யாருக்கோ எழுதியதில் பெயரை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். அதை நான் பயன்படுத்தவில்லை. டாக்டரிடம் நேரில் பேசினேன். பார்த்ததை மட்டும் வைத்து உண்மையாக நான்கு வரி எழுதித் தருகிறேன் என்றார். அவ்வளவுதான் மிச்சம்.

பணம் திரும்பவில்லை. வங்கி வழியாக வயர் டிரான்ஸ்ஃபரில் அனுப்பியதால் கேட்டுப் பிடிக்க வழியில்லை. கார்டில் கட்டியிருந்தால் வங்கியிடம் முறையிட்டாவது பார்த்திருக்கலாம். ஒப்பந்தத்தின் ஒன்பதாம் பக்கத்தில் திரும்பத் தரமாட்டோம் என்று இருக்கிறது.

கூட நின்று பார்க்க மட்டும் விடும் அப்சர்வர்ஷிப் கேவலமானது என்று நான் சொல்லவில்லை. அப்படியே பெயர் சொல்லி நடத்தும் மருத்துவமனைகள் இருக்கின்றன, அங்கே கற்றுக்கொள்ளவும் நிறைய இருக்கிறது. கைவைத்துச் செய்துதான் பார்க்க வேண்டுமென்றால் மாணவராக இருக்கும்போதே பல்கலைக்கழக எலெக்டிவுக்கு முயலுங்கள். பல இடங்களில் ஸ்டெப் 1, தடுப்பூசிச் சான்று, டீன் கடிதம் எல்லாம் கேட்பார்கள், மாதக்கணக்கில் முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டியிருக்கும். பட்டம் வாங்கிவிட்டால் அந்தக் கதவு பெரும்பாலும் சாத்திவிடும்.

ஏற்கெனவே ஏதாவது ஏஜென்சியோடு பேசிக்கொண்டிருந்தால், விசாக் கடிதத்தின் மாதிரியையும் உங்கள் பெயரில் உள்ள இன்ஷூரன்ஸ் சான்றிதழையும் பணம் கட்டும் முன்பே கேளுங்கள். கிளினிக்கின் எண்ணை நீங்களே தேடி எடுத்து, அங்கே மாணவர்கள் என்ன செய்கிறார்கள் என்று விசாரியுங்கள். ஒப்பந்தம் புரியவில்லையென்றால் எனக்கு அனுப்புங்கள். நைட் டியூட்டி இல்லாத நாளில் உட்கார்ந்து வரிவரியாகப் படித்துச் சொல்கிறேன்.